லொத்தர் சீட்டு நுழையாத மட்டக்கோல்

மொறட்டுவையில், தச்சுப் பட்டறைகள் நிறைந்த சந்தான ஏரிக்கரை ஒழுங்கையில், லயனல் சல்காதுவின் மட்டக்கோலைச் சந்தேகித்தவர்கள் இதுவரை இரண்டே பேர். முதலாமவர் அன்றைக்கே வேலையை இழந்து வீட்டுக்குப் போனார். இரண்டாமவரை அப்படி நிறுத்த முடியவில்லை. அவர் லயனல் சல்காதுவே.

அந்த இரண்டாவது சந்தேகம் பிறந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பன்னிரண்டேகாலுக்கு. விதை விழுந்தது அதற்கு முந்திய நாள்.

திங்கட்கிழமை, புத்தாண்டுக்குப் பிறகு முதல் தடவையாகக் கருவியைத் தொடும் நாள். நல்ல நேரம் காலை ஒன்பது மணி நாலு நிமிடம். வடக்குப் பார்த்து நிற்க வேண்டும், பச்சை உடுத்த வேண்டும். ஞாயிறுதோறும் மெதடிஸ்ட் கோவிலில் தொண்டை கிழியப் பாடுகிற லயனல், வருடத்தில் இந்த ஒரு நாள் மட்டும் சோதிடரை நம்புவார். பச்சைச் சாரமும் பச்சைச் சட்டையுமாகப் பட்டறை நடுவில் நின்றுகொண்டு கடிகாரத்தை முறைத்தார். வயது ஐம்பத்தாறு.

"அண்ணே, யாராவது தண்ணி ஊத்திடப் போறாங்க. வாழைக்கன்று மாதிரியே நிக்கிறீங்க" என்றாள், பாற்சோற்றுத் தட்டோடு வந்த அவர் தங்கை ஐரிஸ்.

"நேரம் வந்துட்டு பாஸ்! ஒன்பது நாலு!" என்று பந்துல கத்தினான். பந்துல பொலிஷ் போடுகிறவன். கையைவிட வாய்க்கு வேலை அதிகம்.

லயனல் சுவரிலிருந்து மட்டக்கோலை இறக்கினார்.

ஐந்தடி நீளம், மூன்று விரல் அகலம், முதிரை மரம். பலகையின் விளிம்பு நேராக இருக்கிறதா என்று வைத்துப் பார்ப்பதற்கான கோல். கடையில் விற்கிற அலுமினியப் பட்டியை லயனல் 'யன்னல் கம்பி' என்பார். கோல் மரத்தில்தான் இருக்க வேண்டும், அதுவும் கண்ட மரத்தில் கூடாது என்பது அவர் கட்சி. பதினெட்டு வருடங்களுக்கு முன்னால், பாணந்துறையில் ஒரு பழைய பங்களாவை இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஓடிப்போய் அதன் வாசல் நிலையை வாங்கி வந்தார். எழுபது மழைக்காலம் பார்த்த மரம். இனிமேல் முறுக்கிக்கொள்ள அதற்குத் தெம்பு இல்லை. கணு கிடையாது. ரேகை இந்த நுனியிலிருந்து அந்த நுனிவரை வகிடெடுத்த மாதிரி ஓடியது. அதை நீளவாக்கில் பிளந்து ஒரு பாதியைத் தனக்கு வைத்துக்கொண்டார். மறு பாதியை, ஐரிஸைக் கட்டிய ஹெக்டர் பீரிஸுக்குச் சீதனத்தோடு சீதனமாகக் கொடுத்தார். ஹெக்டரின் பட்டறை பக்கத்திலேயே, ஒரே மதிலுக்கு அந்தப் பக்கம்.

அன்றிலிருந்து ஒழுங்கைக்கு ஒரு சடங்கு கிடைத்தது. வருடா வருடம் நல்ல நேரத்தில் லயனல் தன் கோலில் சம்பிரதாயத்துக்கு ஒரே ஒரு சுருள் இழைப்பார். பிறகு இரண்டு கோல்களையும் விளிம்போடு விளிம்பு ஒட்டி யன்னலுக்கு நேரே தூக்கிப் பிடிப்பார்கள். நடுவில் வெளிச்சம் தெரியாவிட்டால் இரண்டும் நேர். தெரிந்தால், ஒன்றில் பிழை.

எந்தக் கோலில் பிழை என்பதில் பதினெட்டு வருடமாக யாருக்கும் குழப்பமே வந்ததில்லை.

"மச்சான், இந்த வருஷமாவது உங்க கோலைக் கொஞ்சம் சீவுவோமா? என்னுது தேஞ்சு தேஞ்சு வெத்திலைக் காம்பு மாதிரி ஆகிட்டு" என்றார் ஹெக்டர். தொப்பையும் சிரிப்புமான மனிதர். கோபம் வந்தால்கூட முதலில் சிரித்துவிட்டுத்தான் கோபப்படுவார்.

"காய்ச்சல் உனக்கு, ஊசி எனக்கா?" என்றார் லயனல்.

பட்டறை சிரித்தது. ஹெக்டரும் சிரித்துக்கொண்டே தன் கோலை வைஸ் இடுக்கியில் மாட்டி, லயனலின் கோலுக்குப் பொருந்துகிறவரை இழைத்தார். கடைசியில் பந்துல ஒரு லொத்தர் சீட்டை எடுத்து இரண்டு கோல்களுக்கும் நடுவே நுழைக்கப் பார்த்தான். ஒழுங்கையில் இடைவெளி அளக்கும் கருவி அதுதான். பரிசு விழாத சீட்டுக்குப் பஞ்சமே கிடையாது. சீட்டு நுழையவில்லை.

"அச்சு அசல்!" என்றான் பந்துல. எல்லாரும் கை தட்டினார்கள்.

கை தட்டிய எல்லாருக்கும் இன்னொன்றும் தெரியும். லயனல் விளிம்போடு விளிம்பு ஒட்டிச் சேர்த்த மேசைப் பலகை எந்தக் காலத்திலும் ஒட்டு விடாது. ஹெக்டர் சேர்த்த பலகை ஆறு மாதத்தில் இரண்டு நுனியிலும் வாய் பிளக்கும். 'ஹெக்டர் அலுமாரியில் கதவு திறக்கும், ஹெக்டர் மேசையில் மேசையே திறக்கும்' என்பது ஒழுங்கையின் பகிடி. ஒரே மரத்துக் கோல், ஒரே பசை. அப்புறம் என்ன? கை வித்தை என்றார்கள். லயனலும் அப்படித்தான் நினைத்தார். அவருக்கு அதை மறுப்பதற்கு ஒரு காரணமும் இருக்கவில்லை.

பாற்சோறு பாதித் தட்டு காலியானபோது வாசலில் ஒரு வேன் வந்து நின்றது.

இறங்கியவள் தினுஷா. கடற்கரை ஹோட்டல் ஒன்றில் மேசை, நாற்காலி என்று தளபாடங்களுக்கெல்லாம் பொறுப்பாளர், எஞ்சினியர். கையில் ஒரு நீளமான கறுப்புப் பெட்டி. வயலின் பெட்டியோ என்று பந்துல எட்டிப் பார்த்தான். உள்ளே நீல வெல்வெட்டில் ஓர் இரும்பு மட்டக்கோல் படுத்திருந்தது. அதற்குச் சான்றிதழ்கூட இருந்தது.

"எங்க ஹோட்டல்ல இந்த ஒழுங்கையில செஞ்ச மேசை கொஞ்சம் இருக்கு. பதினொரு வருஷமா உப்புக் காத்துல நிக்குது, பலகை விடவே இல்ல" என்றாள். "அதே மாதிரி இருநூறு வேணும். ரெண்டு பட்டறையும் வெள்ளிக்கிழமைக்கு ஒரு மேற்பலகை சேர்த்து வைங்க. நல்லதைச் செஞ்சவங்களுக்கு மேற்பலகை வேலை. மத்தவங்களுக்குக் கால்."

ஒழுங்கையில் மேசைக்கால் கடைவது கேவலமில்லை. ஆனால் மேற்பலகை சேர்த்தவன் கால் கடையப் போவது கேவலம்.

"அன்னைக்கு உங்க மட்டக்கோலையும் இதுல வெச்சுப் பார்ப்பேன்" என்று தினுஷா பெட்டியைத் தட்டினாள்.

லயனல் பச்சைச் சட்டையின் கொலரை இழுத்துவிட்டுக்கொண்டார். ஒழுங்கையே கேட்கிற குரலில் சொன்னார்:

"மிஸ், என் கோலுக்கும் உங்க இரும்புக்கும் நடுவுல வெளிச்சம் தெரிஞ்சா, இந்த லயனல் சல்காது ஆயுசுக்கும் தன் மச்சானுக்குக் கால் கடைஞ்சு குடுப்பான்!"

ஆயுசுக்கும் என்ற சொல்லை யாரும் அவரிடம் கேட்கவில்லை. தானாக வந்தது.

*

செவ்வாய், பகல் பன்னிரண்டேகால். ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள்.

ஒரு கோல் நேரா என்று அறிய இன்னொரு கோலே தேவையில்லை. ஒரு பலகையில் அதை வைத்து, வேலை விளிம்பை ஒட்டிக் கூரான பென்சிலால் ஒரு கோடு. பிறகு கோலைப் புரட்டி, அதே விளிம்பை அதே இரண்டு நுனிப் புள்ளிகளிலும் வைத்து இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றாகவே விழுந்தால் கோல் நேர். விலகினால் வளைவு, அதுவும் இரட்டிப்பாகக் காட்டும். தச்சுப் பழகுகிறவன் முதல் மாதத்திலேயே கற்கிற சங்கதி.

ஆனால் ஏரிக்கரை ஒழுங்கையில் அதைச் செய்ய மாட்டார்கள். மூத்த தச்சரான ஒரு பாஸின் கோலைப் புரட்டிப் பார்ப்பதும் மாமியார் போட்ட சங்கிலியை உரசிப் பார்ப்பதும் ஒன்று என்பார்கள். அதுதான் பக்கத்துப் பட்டறைக் கோல் இருக்கிறதே! போட்டிக்காரன் பார்த்துச் சரி சொன்ன பிறகு பென்சில் எதற்கு?

லயனல் புரட்டியது சந்தேகத்தால் அல்ல. வெள்ளிக்கிழமை அந்தப் பெண்ணின் முகம் எப்படி மாறும் என்பதை இன்றைக்கே கொஞ்சம் ருசித்துப் பார்க்கத்தான்.

ஒரு கோடு போட்டார். புரட்டினார். இன்னொரு கோடு.

கோலை எடுத்தார்.

பிளைவுட் பலகை மேல் ஐந்தடி நீளத்தில் ஒரு மீன் கிடந்தது. இரண்டு நுனியும் கூர், நடுவில் மெல்லிய வயிறு.

கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். மீன் போகவில்லை. சட்டைப் பையிலிருந்து லொத்தர் சீட்டுகளை எடுத்தார். விளிம்பில் நிறுத்தி வைத்துப் பார்த்தால் வயிற்றின் அகலம் இரண்டு சீட்டின் கனம். அப்படியானால் கோலில் இருப்பது ஒரு சீட்டு. கோலின் விளிம்பு நடுவில் ஒரு சீட்டளவு புடைத்திருந்தது.

லயனல் முக்காலியில் உட்கார்ந்தார்.

காரணம் தெரிய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இழைப்புளி மரத்தில் ஏறும்போது ஒரு கடி கூடுதலாகக் கடிக்கும், இறங்கும்போது ஒரு கடி. பதினெட்டு வருடம், பதினெட்டு நல்ல நேரம், பதினெட்டுச் சுருள். நுனிகள் தேய்ந்து நடு புடைத்துவிட்டது. சோதிடர் திசை சொன்னார், நிறம் சொன்னார். இதைச் சொல்லவில்லை.

அதற்கடுத்து வந்த யோசனையில்தான் அவருக்கு வியர்த்தது.

தன் கோல் புடைப்பு என்றால், அதற்கு ஒளி புகாமல் பொருந்துகிற ஹெக்டரின் கோல் குழிவு. புடைப்புக் கோலை வைத்து இழைத்த பலகை நடுவில் குழியும். அப்படி இரண்டு பலகைகளைச் சேர்த்தால் நுனிகள் முதலில் முட்டும், நடுவில் க்ளாம்ப் கவ்வியை இறுக்க இறுக்க நுனிகள் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு நிற்கும். உயிர் போனாலும் விடாது. அதுதான் லயனலின் கை வித்தை! குழிவுக் கோலை வைத்து இழைத்த பலகை நடுவில் புடைக்கும். இரண்டைச் சேர்த்தால் நடு முட்டும், நுனி இடைவெளியாக நிற்கும். பலவந்தமாக இறுக்கி ஒட்டலாம். ஆறு மாதத்தில் வாய் பிளக்கும். அதுதான் ஹெக்டரின் கைராசி!

பதினெட்டு வருடமாக மச்சானின் கோலை வளைத்தது தான். பகிடி சொல்லிச் சிரித்ததும் தான்.

லயனல் எழுந்து அரத்தாளை எடுத்து, பிளைவுட்டிலிருந்த மீனைத் தடயமே இல்லாமல் தேய்த்து அழித்தார். அது அவருக்கு அந்த நேரம் மிகப் புத்திசாலித்தனமான காரியமாகப் பட்டது.

தன் கோலை நேராக்குவது கடினமில்லை. நடுவில் மட்டும் சீவ வேண்டும். ஆனால் திங்கட்கிழமை ஒழுங்கையே பார்க்க இரண்டு கோலும் அச்சு அசலாகப் பொருந்தின. வெள்ளிக்கிழமை தன்னுடையது மட்டும் நேராக இருந்தால், பொருந்தாமல் போகும். நாலு நாளில் எது மாறியது என்று பந்துல கேட்பான். பந்துல கேட்டால் பாணந்துறைவரை கேட்கும்.

ஆகவே இரண்டு கோலும் நேராக வேண்டும். யாருக்கும் தெரியாமல்.

*

புதன்கிழமை ஹெக்டர் ஓர் அலுமாரியை லொறியில் ஏற்றிக்கொண்டு களுத்துறைக்குப் போனார். லொறியின் சத்தம் அடங்குவதற்குள் லயனல் தங்கை வீட்டு வாசலில் நின்றார்.

"ஐரிஸ், ஹெக்டரோட கோலை ஒரு மணித்தியாலத்துக்குக் குடேன்."

"எதுக்கு?"

"பொலிஷ் போடத்தான். ஹோட்டல் மிஸ் வர்றாங்களே."

ஐரிஸ் இடுப்பில் கை வைத்தாள். "என் கல்யாணத்துல இருந்து இன்னைக்கு வரைக்கும் அவரோட ஒரு சாமானுக்கும் நீங்க பொலிஷ் போட்டதில்ல. அவரோட பேரைத்தான் சீவிச் சீவிக் குப்பையில போட்டீங்க."

"அதெல்லாம் பகிடிடி."

"உங்களுக்குப் பகிடி அண்ணே. ஒவ்வொரு மேசையும் திரும்பி வர்றப்போ மனுசன் ராத்திரி சாப்பிடாம படுக்கிறது எனக்குத்தான் தெரியும்." சொல்லிவிட்டு உள்ளே போய்க் கோலை எடுத்து வந்தாள். "பொலிஷ் மட்டும்தான். சூனியம் கீனியம் வெச்சீங்கன்னா, மத்தியானச் சோத்துல நானும் ஏதாவது வெப்பேன்."

பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு லயனல் வேலை செய்தார். தன் கோலில் நடு, ஹெக்டரின் கோலில் நுனிகள். சீவுவது, கோடு போடுவது, புரட்டுவது, கோடு போடுவது. மீன் மெலிந்துகொண்டே வந்தது. பத்தாவது தடவை இரண்டு கோடும் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்து ஒரே கோடாயின. கோடு போட்ட பலகையை எல்லாம் அரத்தாளால் தேய்த்தார். புதிதாகச் சீவிய விளிம்பு வெளுத்துக் காட்டக் கூடாதென்று தேயிலைச் சாயம் தடவினார். லொறி திரும்புவதற்குள் ஹெக்டரின் கோல் அதன் ஆணியில் தொங்கியது.

பாவமும் போயிற்று, பெயரும் பிழைத்தது. லயனல் அன்றைக்கு இரண்டு தடவை பருப்புக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

*

வெள்ளிக்கிழமை. ஒழுங்கை முழுக்க லயனலின் பட்டறையில்.

தினுஷா இரும்புக் கோலைப் பெட்டியிலிருந்து எடுத்து, தரையில் இடிபடாமல் குழந்தையைக் கிடத்துவது போல மேசையில் நிறுத்தினாள். அதன் மேல் லயனலின் கோல். பின்னாலிருந்து ஒரு டோர்ச் வெளிச்சம்.

"ஒண்டுமே தெரியல. நேர்" என்றாள்.

ஹெக்டரின் கோல். "இதுவும் நேர்."

"நாங்க திங்கட்கிழமையே சொன்னமே மிஸ்" என்றான் பந்துல. "உங்களுக்கு இரும்பு. எங்களுக்கு லொத்தர்."

அடுத்து மேற்பலகைகள். வியாழக்கிழமை சேர்த்தவை. லயனலுடையதைத் தினுஷா நுனியில் குனிந்து பார்த்தாள், சீட்டு நுழையவில்லை. ஹெக்டருடையதைப் பார்க்க எல்லாரும் சிரிப்பைத் தயாராக வைத்துக்கொண்டு நெருங்கினார்கள். அங்கேயும் சீட்டு நுழையவில்லை. இந்த நுனி. அந்த நுனி. ஊகூம்.

"பீரிஸ் பாஸ்!" என்று யாரோ கத்தினார்கள். ஹெக்டர் தன் பலகையைத் தானே நம்பாமல் தடவிக்கொண்டிருந்தார். ஐரிஸ் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

லயனலுக்கு நெஞ்சு நிறைந்தது. அந்த நிறைவு அரை நிமிடம் நீடித்தது.

"ரெண்டும் நல்லம். ஆனா நான் கேட்டது இது இல்லையே" என்றாள் தினுஷா.

வேனிலிருந்து ஒரு பலகையைக் கொண்டுவரச் சொன்னாள். பழைய மேசையின் ஒற்றைப் பலகை. "அதுல ஒரு மேசை லொறியில இருந்து விழுந்து உடைஞ்சது. அதனாலதான் உள்ளுக்க பார்க்கக் கிடைச்சது. பாருங்க." பலகையின் விளிம்பில் இரும்பை வைத்தாள். நடுவில் வெளிச்சம் மின்னியது. "சரியா இவ்வளவு குழிவு. எல்லாப் பலகையிலும் அதே அளவு. உங்க புதுசு ரெண்டும் வெறும் நேர். இப்ப விடாது. கடற்கரையில நுனி காஞ்சா விடும். எனக்கு இந்தக் குழிவு வேணும்."

பலகையின் அடியில் இரண்டு எழுத்துகள் செதுக்கியிருந்தன. லயனல் சல்காதுவின் முத்திரை.

"எங்க பாஸுடையது!" பந்துல துள்ளினான்.

"அப்ப நீங்களே செஞ்சு காட்டுங்க பாஸ்" என்றாள் தினுஷா.

லயனல் பலகையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எப்படிச் செய்தார் என்று அவருக்குத் தெரியாது. கோல் செய்தது. அந்தக் கோலைத்தான் புதன்கிழமை அவரே கொன்றுவிட்டார். அதன் புடைப்பு தேநீர்க் கடை அடுப்புக்குப் போன சுருளோடு போய்விட்டது.

தெரிந்த ஒரே வழிக்குப் போனார். கோலை வைஸில் மாட்டினார். நுனிகளைச் சீவி மறுபடி புடைக்க வைத்துவிட்டால் போதும். இழைப்புளியைக் கையில் எடுத்தபோது பக்கத்தில் மூச்சிரைப்புக் கேட்டது. ஹெக்டர் தன் கோலோடு வந்து நின்றார். முகம் பூரித்திருந்தது.

"நீங்க சீவுங்க மச்சான். அப்புறம் என்னுதை உங்களுக்குப் பொருத்திடுறேன். முறைன்னா முறைதானே?"

லயனலின் கை நின்றது.

சீவினால் மேற்பலகை வேலை தனக்கு, பெயரும் தனக்கு. ஹெக்டர் தன் கோலை அதற்குப் பொருத்துவார், சிரித்துக்கொண்டே. பழையபடி குழிவு, பழையபடி வாய் பிளக்கிற மேசை. இன்னும் பதினெட்டு வருடம். இந்தத் தடவை தெரிந்தே.

"வேணாம்" என்றார்.

"என்ன வேணாம்?"

"உன் கோலைத் தொடாத." லயனலின் குரல் அவருக்கே கேட்கவில்லை. பிறகு கேட்டது. "என் கோல் பிழை. பதினெட்டு வருஷமா பிழை. நடுவுல புடைப்பு. அதுக்குப் பொருத்திப் பொருத்தித்தான் உன் கோல் குழிஞ்சது. உன் மேசை வாய் பிளந்தது உன் கையால இல்ல, என் கோலால. செவ்வாய்க்கிழமைதான் எனக்கே தெரியும்."

 பந்துல சிரித்தான். அவனைத் தொடர்ந்து எல்லாரும்.

"பாஸ், இப்பத்தானே இரும்புல வெச்சுப் பார்த்தாங்க!"

"புதன்கிழமை நான் ரெண்டையும் சீவிட்டேன்டா!"

"பொலிஷ்னு சொன்னீங்க?" என்றாள் ஐரிஸ்.

"பொய் சொன்னேன்!"

"அப்ப இது மட்டும் உண்மையா?"

லயனல் பென்சிலைப் பிடுங்கினார். "இங்க பாருங்க!" பிளைவுட்டில் கோலை வைத்துக் கோடு போட்டார். ஒழுங்கை வரலாற்றில் முதல் தடவையாகப் பகிரங்கமாக ஒரு பாஸ் தன் கோலைப் புரட்டினார். மறு கோடு போட்டார். ஒரே கோடு. ஹெக்டரின் கோலை வாங்கிப் போட்டார். ஒரே கோடு. தன் வேலைப்பாட்டைத் தானே சபித்தார். கொஞ்சம் மோசமாகச் சீவியிருக்கக் கூடாதா?

"பாஸ்," என்று தினுஷா தன்மையாகச் சொன்னாள், "பிழையான கோலால வந்ததுன்னா ஒவ்வொரு பலகையும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். எல்லாத்துலயும் ஒரே அளவு வந்திருக்கு. பிழை இவ்வளவு ஒழுங்கா வராது. அது கை."

சான்றிதழ் வைத்திருக்கிறவள் சொன்னால் சரியாகத்தானே இருக்கும். எல்லாரும் தலையாட்டினார்கள்.

ஹெக்டர் லயனலின் தோளில் கை வைத்தார். கண் கலங்கியிருந்தது. "மச்சான். எனக்காக உங்க பேரையே கெடுத்துக்கப் பாக்கிறீங்க. பெரிய மனசு. ஆனா பிச்சை வேணாம். நீங்க சீவுங்க, நான் பொருத்துறேன்."

சொல்லிவிட்டுத் தன் கோலையும் அடுத்த வைஸில் மாட்டிவிட்டார்.

உண்மையைச் சொல்லியும் ஆயிற்று, நிரூபித்தும் ஆயிற்று. இனி என்ன மிச்சம்? லயனல் கையிலிருந்த இழைப்புளியைப் பார்த்தார். மேற்பலகையோடு ஹெக்டர் கொண்டுவந்து மூலையில் சாய்த்திருந்த, இன்னும் ஒட்டாத இரண்டு பலகைகளைப் பார்த்தார். கோல் செய்ததை இழைப்புளி செய்யாதா என்ன?

ஹெக்டரின் பலகை ஒன்றைத் தூக்கி வந்து, வைஸிலிருந்த ஹெக்டரின் கோலைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் பலகையை மாட்டினார். விளிம்பில் கோலை வைத்துப் பார்த்தார், நேர். நுனியிலிருந்து ஒரு முழம் விட்டு இழைப்புளியை இறக்கினார், மறு நுனிக்கு ஒரு முழம் முன்னால் தூக்கினார். நடுவில் மட்டும் ஒரு சுருள். இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி இன்னொரு சுருள். கோலை மேலே வைத்து நுனியைத் தட்டினார். புடைத்த விளிம்பில் கோல் நடுவைப் பிடித்துக்கொண்டு காற்றாடி மாதிரி சுற்றும். இது சுற்றவில்லை, இரண்டு நுனியையும் கடித்துக்கொண்டு நின்றது. நடுவில் ஒரு சீட்டு நுழைந்தது. அடுத்த பலகைக்கும் அதே. இரண்டையும் சேர்த்து, நடுவில் ஒரே ஒரு க்ளாம்ப். இறுக்கினார்.

நுனியில் சீட்டு நுழையவில்லை. ஹெக்டர் தன் முழுப் பலத்தோடு பிளந்து பார்த்தார். அசையவில்லை.

"இவ்வளவுதான்" என்றார் லயனல், மூச்சு வாங்க. "கோல் நேராவே இருக்கட்டும். குழிவு கைல வரட்டும். யாரும் செய்யலாம். நீயும் செய்யலாம்."

தினுஷா இரும்பை வைத்து வெளிச்சத்தைப் பார்த்தாள். "இதேதான்! அப்ப ஆளுக்கு நூறு. ரெண்டு பட்டறைக்கும் மேற்பலகை."

கை தட்டலை எதிர்பார்த்து லயனல் நிமிர்ந்தார். யாரும் தட்டவில்லை. எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹெக்டர் முதலில் சிரித்தார். அது நல்ல சகுனமில்லை.

"ரெண்டு சுருள். நடுவுல ரெண்டே சுருள். இதைத் தெரிஞ்சு வெச்சுக்கிட்டா பதினெட்டு வருஷம் என்னைப் பகிடி பண்ணீங்க மச்சான்?"

"எனக்குத் தெரியாது ஹெக்டர், இப்பத்தான்..."

"இப்பத்தான்!" ஐரிஸ் குரலை உயர்த்தினாள். "எல்லாரும் கேட்டீங்களா? லயனல் சல்காதுவுக்கு இப்பத்தான் தெரியுமாம்! ஹோட்டல்காரங்க பலகையைக் கொண்டுவந்து மூஞ்சிக்கு முன்னால வைக்காட்டி, இதைத் தன்னோட குழிக்கே கொண்டு போயிருப்பாரு. அதுக்குத்தானா கோல் பிழை, கோல் புடைப்புன்னு அந்த நாடகம்?"

"நாடகமா? அதுதான்டி உண்மை!"

"கருமி" என்றாள் ஐரிஸ். ஹெக்டரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மதிலைச் சுற்றி நடந்தாள்.

மாலைக்குள் அது ஒழுங்கையின் தீர்ப்பாகிவிட்டது. வித்தை தெரிந்தவன், மச்சானுக்குக்கூடச் சொல்லாத கருமி. தேநீர்க் கடையில் பணிஸைப் பிய்த்துக்கொண்டு அதைத்தான் பேசினார்கள். லயனல் ஒரு ப்ளேன்டீயோடு மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்து நின்று, 'நான் கருமி இல்லை, பதினெட்டு வருடமாகக் கோணல் கோலை நேரென்று நம்பிய முட்டாள்' என்று இன்னொரு தடவை சொல்லலாம்தான். அவர் அதை ஒரு வாய் தேநீரில் கரைத்துப் பார்த்தார். ருசிக்கவில்லை.

பந்துல பெஞ்சில் நகர்ந்து நகர்ந்து அவர் காதருகே வந்தான்.

"பாஸ், கோவிக்காதீங்க. நமக்குள்ள இருக்கட்டும். இன்னும் என்னென்ன ஒளிச்சு வெச்சிருக்கீங்க?"

லயனல் கோப்பையைக் கீழே வைத்தார். கடை முழுக்கப் பேச்சை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பது தெரிந்தது. அவரிடம் ஒளித்து வைக்க ஒரு குன்றிமணிகூடக் கிடையாது.

"அதெல்லாம் கேட்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு, இன்னொரு ப்ளேன்டீக்குக் கை காட்டினார்.